இங்கிலாந்தில் ஒரு கால்பந்து அணிக்குத் தீவிர ரசிகராக இருந்தால் ஒரு சீசன் எப்படிப் போகும்? தோல்விகளை எப்படித் தாங்குகிறீர்கள்?

என் அணி டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர், சுருக்கமாக ஸ்பர்ஸ். வடக்கு லண்டனில் குடியிருக்கிறேன், ஸ்டேடியத்துக்கு பஸ்ஸில் போய்விடலாம். அப்படித் தொற்றிக்கொண்டதுதான். பரம்பரைப் பாத்தியதை எதுவும் கிடையாது. பொதுவாகப் பேசுவதைவிட 2024-25 சீசனை மட்டும் சொல்கிறேன். நீங்கள் கேட்ட ஏற்ற இறக்கத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 38 லீக் ஆட்டங்களில் 22 தோல்வி, 20 அணிகளில் 17-வது இடம். அதே சீசனில் ஒரு ஐரோப்பியக் கோப்பை.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரீமியர் லீகில் கடைசி மூன்று இடத்தில் முடிப்பவர்கள் அடுத்த சீசனில் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்படுவார்கள். அந்த டிவிஷனுக்குப் பெயர் சாம்பியன்ஷிப். அதாவது 17 என்பது தப்பிப் பிழைக்கும் கடைசிப் படி. லீக் போக உள்நாட்டுக் கோப்பைகள் இரண்டு, தகுதி பெற்றிருந்தால் ஐரோப்பியப் போட்டி ஒன்று. எல்லாம் ஒரே காலத்தில், கலந்து கலந்து நடக்கும். அதனால்தான் ஒரே வாரத்தில் சொர்க்கமும் நரகமும் சாத்தியமாகிறது.

செப்டம்பரில் சொந்த மைதானத்தில் ஆர்சனலிடம் 0-1. ஆர்சனல் பக்கத்து ஏரியா எதிரி. என் மனைவியின் தம்பி ஆர்சனல் ரசிகன். அந்தக் கொடுமையைத் தனியாக எழுத வேண்டும். அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் எங்கள் மேனேஜர் ஆஞ்ச் போஸ்டெகோக்ளூ பேட்டியில், ஒரு கிளப்பில் இரண்டாவது வருஷம் நான் எப்போதுமே ஏதாவது ஜெயிப்பேன் என்றார். அது அவருக்கு ஸ்பர்ஸில் இரண்டாவது வருஷம். 2008-க்கு அப்புறம் ஒரு கோப்பையும் காணாத கிளப்பில் நின்று, அதுவும் ஆர்சனலிடம் தோற்ற கையோடு சொன்னார். நாடே சிரித்தது. மச்சினன் அந்த வீடியோவை எனக்கு அனுப்பினான். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

நவம்பர் 10, ஐப்ஸ்விச் டவுன் வந்தார்கள். அந்த சீசனில் அதுவரை ஒரு லீக் ஆட்டம்கூட ஜெயிக்காதவர்கள். எங்களிடம் வந்து 2-1 என்று முதல் வெற்றியை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த லீக் ஆட்டம் மான்செஸ்டர் சிட்டி, அவர்கள் ஊரில். எல்லாப் போட்டிகளும் சேர்த்து 52 ஆட்டங்களாகச் சொந்த மண்ணில் தோற்காத அணி. அங்கே போய் 4-0 ஜெயித்தோம். தன் பிறந்தநாளில் ஜேம்ஸ் மேடிசன் இரண்டு கோல். இந்த இரண்டையும் செய்தது ஒரே அணிதான் என்று வெளியாளிடம் சொன்னால் நம்ப மாட்டார். எங்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. திறமை இல்லாத அணி தோற்றால் மனசு சமாதானம் ஆகிவிடும். எது வேண்டுமானாலும் செய்யக்கூடிய அணி தோற்கும்போதுதான் வயிறு எரியும்.

டிசம்பர் 8, செல்சியுடன் ஆட்டம். நான் நேரில் போயிருந்தேன். மழையும் காற்றும் கலந்த ஞாயிற்றுக்கிழமை. ஸ்டேடியத்துக்குள் பியர் வாங்கினால் கோப்பையின் அடிப்பக்கத்திலிருந்து நிரம்பும். அடியில் ஒரு காந்த மூடி, இயந்திரத்தில் வைத்தால் கீழிருந்து மேலாகப் பொங்கி வந்து நிற்கும். புதுசாக வருபவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கு அப்படி நின்றவர்கள் இரண்டு கோலைத் தவறவிட்டிருப்பார்கள். செல்சியின் குகுரேயா வழுக்கி விழுந்தார், பந்தை எடுத்து சோலாங்கே கோல் அடித்தார். சில நிமிஷத்தில் அதே குகுரேயா மறுபடி வழுக்கினார், இந்த முறை குலுசெவ்ஸ்கி. 11 நிமிஷத்தில் 2-0. குகுரேயா ஓரமாகப் போய் பூட்ஸை மாற்றிக்கொண்டார். தெற்கு ஸ்டாண்டில் 17,500 பேர் ஒரே அடுக்கில், சுவர் மாதிரி உட்காருகிற இடம். அங்கிருந்து எழுந்த சத்தத்தில் பேசினால் பக்கத்திலிருப்பவருக்குக்கூடக் கேட்காது.

அப்புறம் நடந்தது இது. காயத்திலிருந்து அன்றுதான் திரும்பி வந்திருந்த டிஃபெண்டர் ரொமேரோ கால் மணி நேரத்தில் மறுபடி காயம் பட்டு வெளியேறினார். உடனே 2-1. இடைவேளைக்குப் பிறகு பெனால்டி ஒன்று கொடுத்து 2-2, பிறகு 2-3. ரொமேரோவைப் போலவே அன்று திரும்பியிருந்த மிக்கி ஃபான் டி ஃபெனும் நொண்டிக்கொண்டே வெளியே போனார். இன்னொரு பெனால்டி. செல்சியின் பால்மர் அதைப் பந்தின் அடியில் லேசாகத் தட்டி, கோல்கீப்பர் படுத்த பிறகு நடுவில் விழ வைத்தார். எங்கள் கேப்டன் சோன் ஹியூங்மின் கடைசியில் ஒன்று போட்டு 3-4. திரும்பி நடக்கையில் ஸ்டேடியத்தை ஒட்டிய ஹை ரோடு முழுக்க நனைந்த வெங்காய வறுவல் வாசனையும் மௌனமும்தான். ஒரு சின்னப் பையன் மட்டும் அப்பாவிடம் நாம் 2-0 இருந்தோமே, 2-0 இருந்தோமே என்று கேட்டுக்கொண்டே வந்தான். அந்த அப்பாவிடம் பதில் இல்லை.

ஜனவரியைப் பற்றி அதிகம் சொல்ல இஷ்டமில்லை. பாதி அணி மருத்துவமனையில். கோல்கீப்பர் விகாரியோ கணுக்கால் முறிந்து படுத்திருந்தார். மிட்ஃபீல்டில் ஆட வேண்டிய 18 வயது ஆர்ச்சி கிரே நடு டிஃபென்ஸில் நின்று நெட்டை நெட்டை ஆட்களுடன் முட்டிக்கொண்டிருந்தான். லீகில் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்று வந்த லெஸ்டரை எங்கள் மைதானத்தில் உயிர்ப்பித்து அனுப்பினோம். ஒரு உள்நாட்டுக் கோப்பை அரையிறுதி: ஜனவரியில் முதல் ஆட்டத்தில் லிவர்பூலை 1-0 ஜெயித்துவிட்டு, பிப்ரவரியில் அவர்களுடைய ஆன்ஃபீல்ட் மைதானத்தில் 4-0 வாங்கினோம். மூன்று நாள் கழித்து இன்னொரு கோப்பையிலிருந்தும் வெளியே. மேனேஜரைவிட கிளப் தலைவர் டேனியல் லெவி மீதுதான் கூட்டத்துக்குக் கோபம் அதிகம். அவர் போக வேண்டும் என்ற பேனர்கள், கோஷங்கள். மச்சினன் அந்த நேரத்தில்தான் போன் செய்து, "என்ன அத்தான், சாம்பியன்ஷிப் மேட்சுக்கெல்லாம் டிக்கெட் சீப்பாமே?" என்று அக்கறையாக விசாரித்தான்.

உண்மையில் இறங்கிவிடுவோம் என்ற பயம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. சாம்பியன்ஷிப்பிலிருந்து மேலே ஏறி வந்த மூன்று அணிகளும் அந்த வருஷம் அவ்வளவு மோசம். 18-வது இடத்தில் முடித்த லெஸ்டருக்கு 25 புள்ளி, எங்களுக்கு 38. சவுதாம்டன் 12. ஆக எங்கள் பெருமை எல்லாம் அடுத்தவர் வீழ்ச்சியில் நின்றது. இன்னொரு வேடிக்கை, 17-வது இடத்தில் முடித்த நாங்கள் போட்ட கோல் 64, வாங்கியது 65. ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம். அவ்வளவு கோல் போட்டும் அவ்வளவு தோற்க ஒரு தனித் திறமை வேண்டும்.

நீங்கள் கேட்ட "எப்படித் தாங்குகிறீர்கள்" என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: சீசனைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதை விட்டுவிட வேண்டும். டேபிள் ஒரு கணக்குப்பிள்ளையின் புத்தகம். ரசிகன் வாழ்வது ஒவ்வொரு ஆட்டத்தில். வியாழக்கிழமை ஜெயித்தது ஞாயிற்றுக்கிழமைத் தோல்வியைக் குறைக்காது. ஞாயிறு தோற்றது வியாழனைக் கெடுக்கவும் செய்யாது. வசந்த காலம் முழுக்க எங்களுக்கு இப்படித்தான் போயிற்று. யூரோப்பா லீக் (முதலில் சொன்ன ஐரோப்பியப் போட்டி இதுதான்) ஆட்டங்கள் வியாழக்கிழமை, பிரீமியர் லீக் ஞாயிற்றுக்கிழமை. லீகில் கடைசி 12 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் சவுதாம்டனிடம். வியாழக்கிழமைகளிலோ வேறு ஆட்கள் வந்து ஆடுவது போல இருக்கும்.

ஏப்ரல் ஆரம்பத்தில் செல்சி மைதானத்தில் நடந்ததை மறக்கவே முடியாது. மேனேஜர் ஒரு இளம் வீரரை எடுத்துவிட்டு பாப்பே சாரை இறக்கினார். என்ன செய்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை என்று எங்கள் ரசிகர்களே மேனேஜரைப் பார்த்துப் பாடினார்கள். கொஞ்ச நேரத்தில் அதே சார் தூரத்திலிருந்து அடித்துக் கோல். ஆஞ்ச் எங்கள் ரசிகர்கள் பக்கம் திரும்பிக் காதுக்குப் பின்னால் கையை வைத்தார், இப்போது பாடுங்கள் பார்ப்போம் என்கிற மாதிரி. அதற்குப் பிறகு வீடியோ நடுவர் கோலையே ரத்து செய்தார். 1-0 தோல்வி. அந்த சீசனை ஒரு நிமிஷத்தில் சுருக்கிக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் இரண்டே வாரத்தில் ஃபிராங்ஃபர்ட்டில் போய் 1-0 ஜெயித்து அரையிறுதி. ஏப்ரல் 27 ஆன்ஃபீல்டில் 5-1 வாங்கி, லிவர்பூல் சாம்பியன் ஆனதைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். அடுத்த பதினோரு நாளில் ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் போடோ என்ற நார்வே ஊரில், செயற்கைப் புல் தரையில், 2-0 ஜெயித்து இறுதிக்குப் போனோம்.

(இடையில் ஒரு விஷயம். சனிக்கிழமை மத்தியானம் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் கால்பந்து நேரடி ஒளிபரப்புக்குத் தடை. சின்ன கிளப்புகளின் கூட்டம் குறையக் கூடாது என்று 1960-களில் வந்த ஏற்பாடு. அதனால் மூன்று மணி ஆட்டம் என்றால், மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நான் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பேன். சென்னையில் என் சித்தப்பா மகன் சோபாவில் படுத்துக்கொண்டு நேரடியாகப் பார்த்து எனக்குச் செய்தி அனுப்புவான்.)

மே 21, பில்பாவோ, சான் மாமேஸ் ஸ்டேடியம். எதிரில் மான்செஸ்டர் யுனைட்டெட், லீகில் எங்களுக்குச் சற்றே மேலே, 16-வது இடத்தில் தவித்துக்கொண்டிருந்தவர்கள். அந்த சீசனில் அவர்களை ஏற்கனவே மூன்று முறை ஜெயித்திருந்தோம். அதுவே எனக்குப் பயம். நாலாவது முறை ஸ்பர்ஸ் அப்படியா விடும்? மேடிசன், குலுசெவ்ஸ்கி, பெர்க்வால் மூன்று பேரும் காயம். மச்சினன் எங்கள் வீட்டுக்கே வந்திருந்தான், அத்தான் தோற்பதை நேரில் பார்க்க. அழகான ஆட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. 42-வது நிமிஷத்தில் சார் அடித்த கிராஸ் ஒரு யுனைட்டெட் ஆள் மேல் பட்டு, பிரென்னன் ஜான்சன் காலில் உரசியதா இல்லையா என்று தெரியாமலே உருண்டு உள்ளே போயிற்று. அதற்கு மேல் கோல் போடும் எண்ணமே எங்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் விகாரியோ வெளியே வந்து பந்தைப் பிடிக்காமல் விட்டுவிட்டார். யுனைட்டெட்டின் ஹோய்லுண்ட் காலியான கோலை நோக்கித் தலையால் முட்டினார். பந்து மெதுவாக வளைந்து போகிறது. மச்சினன் கையைத் தூக்கிவிட்டான். ஃபான் டி ஃபென் பின்னால் ஓடி, எகிறி, உடம்பு முழுக்கக் காற்றில் இருக்கும்போது காலை மடக்கி அந்தப் பந்தைக் கொக்கி போட்டு வெளியே இழுத்தார். விழும்போது கோலுக்குள்ளேயே விழுந்தார். 1-0 அப்படியே நின்றது. 1984-க்குப் பிறகு முதல் ஐரோப்பியக் கோப்பை. 2015-இல் வந்து ஒன்றும் ஜெயிக்காமல் இருந்த கேப்டன் சோன், கொரியக் கொடியை இடுப்பில் கட்டிக்கொண்டு அழுதார். கோப்பைக்காக எங்களை விட்டு பயர்ன் மியூனிக் போன ஹாரி கேனுக்கும் அதே மாதம்தான் முதல் பட்டம் கிடைத்திருந்தது. இருவரும் ஒரே கிளப்பில் இருந்தபோது வராதது, பிரிந்ததும் இரண்டு பேருக்கும் வந்தது. மச்சினன் பிரியாணி ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஆர்சனலுக்கு 2020-க்குப் பிறகு அதுவரை பெரிய கோப்பை எதுவும் வந்திருக்கவில்லை என்பதை அன்றைக்கு நான் நினைவூட்டவில்லை. மறுநாள் நினைவூட்டினேன்.

ராத்திரி தெருவில் காரெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் செருப்போடு வாசலில் நின்றிருந்தார். 1984 கோப்பையை நேரில் பார்த்தவர். பெரிதாக ஏதோ சொல்லப்போகிறார் என்று கிட்டே போனேன். ஞாயிற்றுக்கிழமை பிரைட்டனை ஜெயித்தால் ஒன்றிரண்டு இடம் ஏறலாம் இல்லையா என்று கேட்டார்.

ஏறவில்லை. 1-4. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை திறந்த பஸ்ஸில் ஊர்வலம் போனார்கள். நல்ல டிவி தொடர்களில் மூன்றாவது சீசன் இரண்டாவதைவிட நன்றாக இருக்கும் என்று ஆஞ்ச் மைக்கில் சொல்ல, நாங்கள் எல்லோரும் கத்தினோம். இரண்டே வாரத்தில், ஜூன் 6, அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அது சரிதான் என்பது என் கட்சி. 22 தோல்வி என்பது காயத்தின் மேல் மட்டும் போடக்கூடிய பழி இல்லை. ஆனால் இதைச் சொன்னால் என் ஸ்பர்ஸ் நண்பர்கள் பாதிப் பேர் இன்னும் சண்டைக்கு வருகிறார்கள். நாடு சிரித்த சொல்லைக் காப்பாற்றிய மனிதர் என்பதில் மட்டும் எங்களுக்குள் தகராறு இல்லை.

ஆகஸ்டில் சோன் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அப்போது புது மேனேஜராக இருந்தவர் தாமஸ் ஃபிராங்க். முதல் பெரிய ஆட்டம் ஐரோப்பிய சூப்பர் கப், ஐரோப்பிய சாம்பியன் பாரிஸ் அணியோடு. 85-வது நிமிஷம் வரை 2-0. முடிவு 2-2, பெனால்டியில் தோல்வி. "நாம் 2-0 இருந்தோமே" என்று நானே மச்சினனுக்கு முந்திக்கொண்டு அனுப்பினேன். மூன்று நாளில் பர்ன்லியுடன் லீக் ஆரம்பம், 3-0 ஜெயித்தோம்.