ஸ்டைபெண்ட் எவ்வளவு என்று கேட்கும் முன், எத்தனை மாதம் என்று கேளுங்கள்

மகளுக்கு வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, ஸ்டைபெண்ட் இவ்வளவு, இதில் சமாளித்துவிடுவாளா என்று கேட்டு வரும் பெற்றோரிடம் நான் முதலில் தொகையைப் பற்றிப் பேசுவதில்லை. எந்தத் தேதியில் ஆரம்பம், எத்தனை மாதம் என்றுதான் கேட்பேன். வாடகை அதிகம் என்பது இரண்டாவது தொல்லை. முதல் தொல்லை, மூன்று மாதத்துக்கு வீடு தர யாரும் லேசில் முன்வர மாட்டார்கள் என்பது. வீட்டுக்காரருக்கு ஒரு வருஷமாவது அசையாமல் இருக்கும் ஆள் வேண்டும். அதனால் மூன்று மாதக்காரர் பொதுவான வாடகை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால், கடைசியில் மிஞ்சுவது சர்வீஸ் அபார்ட்மென்ட்தான். ஸ்டைபெண்ட் அப்படியே அங்கே போய்விடும்.

தேட வேண்டிய இடம் வேறு. குறுகிய காலத்துக்கு அறையைக் காலி செய்பவர் யார் என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவ வகுப்புகள் ஜூலையில் முடிகின்றன, அடுத்த பருவ வகுப்புகள் அக்டோபரில்தான் தொடங்குகின்றன. நடுவில் சொந்த ஊருக்குப் போகும் மாணவர்கள், சும்மா கிடக்கும் அறைக்கு வாடகை கட்ட மனமில்லாமல் உள்வாடகைக்கு விடுவார்கள். விளம்பரத்தில் 'ஸ்விஷன்மீட்டே' என்று போட்டிருந்தால் அது இந்த வகை. வேகே-கெசூக்ட் போன்ற தளங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அறையில் கட்டில், மேசை, சமையலறையில் பாத்திரம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும், ஆகவே அந்தச் செலவும் மிச்சம். அதே ஊரில் அக்டோபரில் போய் இறங்கினால் கதையே வேறு. புது மாணவர்கள் அத்தனை பேரும் அதே அறைகளுக்குத்தான் போட்டி போடுவார்கள். ஆரம்பத் தேதியை உங்கள் விருப்பத்துக்குக் கம்பெனி விட்டிருந்தால், அக்டோபரை விட்டுவிட்டு ஆகஸ்டைக் கேளுங்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். எவ்வளவு பேரம் பேசினாலும் கிடைக்காத மிச்சம் இந்த ஒரு முடிவில் கிடைக்கும்.

பிரான்சில் இதற்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. 2018-இல் வந்த 'பாய் மொபிலிட்டே' என்ற ஒப்பந்தம் இன்டர்ன்கள், மாணவர்கள் போன்றவர்களுக்காகவே ஏற்பட்டது. ஒரு மாதம் முதல் பத்து மாதம் வரை போடலாம், வீடு தட்டுமுட்டுச் சாமான்களோடு இருக்க வேண்டும், முன்பணம் வாங்கக் கூடாது. அங்குள்ள அரசு மாணவர் விடுதிகளான 'க்ரூஸ்' இல்லங்களிலும் கோடையில் காலியாகும் அறைகளைக் குறுகிய காலத்துக்கு விடுவதுண்டு. எந்த நாடாக இருந்தாலும் முதல் மின்னஞ்சலை வீட்டுத் தரகருக்கு அனுப்பாமல் கம்பெனிக்கும், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் விடுதி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். போன வருஷ இன்டர்ன் எங்கே தங்கினார் என்ற ஒரு கேள்விக்கு வரும் பதில், பத்து நாள் இணையத்தில் துழாவுவதைவிட உபயோகமாக இருக்கும்.

அறை தேடி எழுதும் செய்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அறை இன்னும் இருக்கிறதா?" என்று ஒற்றை வரி எழுதினால் பதில் வராது. பகிர்ந்து வாழும் வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்கள், கூட வந்து தங்கப்போகும் ஆளைத்தான் தேடுகிறார்கள். பெயர், வயது, என்ன படிக்கிறாள், எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, புகைபிடிக்கும் பழக்கம் உண்டா இல்லையா, வீடியோவில் எப்போது பேசலாம் என்று ஐந்தாறு வரி போதும். விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருப்பதிலிருந்து ஏதாவது ஒன்றைத் தொட்டு எழுதினால், படித்துப் பார்த்துதான் எழுதியிருக்கிறாள் என்று தெரியும்.

சரி, பணத்துக்கு வருவோம். பெரும்பாலோர் மாத வாடகையை மாத ஸ்டைபெண்டிலிருந்து கழித்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். இடிப்பது முதல் மாதத்தில். ஸ்டைபெண்ட் மாதக் கடைசியில்தான் வரும், செலவெல்லாம் முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜெர்மனியில் அறை வாடகை எல்லாம் சேர்த்து 500 யூரோ, அதில் வெந்நீர், ஹீட்டர், பராமரிப்பு நீங்கலான அடிப்படை வாடகை 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணமாக அந்த அடிப்படை வாடகையைப்போல் மூன்று மடங்கு வரை, அதாவது 1,200 வரை கேட்கலாம். முழுவதையும் ஒரே தடவையில் கொடுத்தால், சாப்பாட்டுக்கு 200, பயணச் சீட்டுக்கு 63 என்று சேர்த்து முதல் மாதமே 1,963 யூரோ. ஆனால் முன்பணத்தை மூன்று மாதத் தவணையாகக் கட்ட அங்கே வாடகைதாரருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அப்படிக் கட்டினால் முதல் மாதச் செலவு 1,163 ஆகிவிடும். இது தெரியாமல் கடன் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. விளம்பரத்தில் 'கால்ட்' என்று போட்டிருப்பது அடிப்படை வாடகை, 'வார்ம்' என்பது மற்ற செலவுகளும் சேர்ந்தது. கால்ட் தொகையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

இங்கிலாந்தில் 2019-இல் வந்த சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அறையைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஜப்பானில் வழக்கமான குத்தகையில் முன்பணம் தவிர 'ரெய்கின்' என்று திரும்ப வராத ஒரு தொகையும் கேட்பதுண்டு. அங்கே மூன்று மாதத்துக்குப் போகிறவர், பலர் பகிர்ந்து தங்கும் ஷேர் ஹவுஸ் பக்கமே பார்ப்பது நல்லது.

ஏமாற்றுக்காரர்களுக்கும் இந்த அவசரம் நன்றாகத் தெரியும். நடுநகரில் அழகான வீடு, பாதி வாடகை, உரிமையாளர் வேறு நாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும். இந்தக் கதையை எந்த மொழியில் சொன்னாலும் நம்பக் கூடாது. வீடியோ அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் நாம் கேட்கும் வரிசையில்: குழாயைத் திறந்து காட்டுங்கள், ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டுங்கள், கீழே இறங்கி வாசலில் இருக்கும் கதவிலக்கத்தைக் காட்டுங்கள். முன்கூட்டியே பதிவு செய்த வீடியோவை வைத்திருப்பவரால் இதைச் செய்ய முடியாது. வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐரோப்பியக் கணக்கு எண்ணின் முதல் இரண்டு எழுத்து எந்த நாட்டுக் கணக்கு என்று சொல்லிவிடும். இணைய வங்கிகள் வந்த பிறகு வேற்று நாட்டு எழுத்து இருந்தாலே மோசடி என்று சொல்ல முடியாது, ஆனால் ஏன் என்று கேட்டாக வேண்டும். உள்வாடகை என்றால், அசல் வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஜெர்மனியில் அந்தச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதானால் முகவரிப் பதிவும் வேண்டும், அதற்கு வீடு தருபவர் கையெழுத்திட்ட படிவம் தேவை. "பதிவெல்லாம் செய்ய முடியாது" என்று சொல்லும் இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் மனம் ஒப்பவில்லையா? முதல் பத்துப் பதினைந்து நாளுக்கு மட்டும் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் முன்பதிவு செய்துவிட்டு, நேரில் போய் அறையைப் பார்த்து முடிவு செய்யலாம். செலவு கொஞ்சம் கூடும்தான். பெற்றோருக்கு இதுதான் தூக்கம் தரும் என்றால் நான் தடுக்க மாட்டேன்.

ஊருக்கு வெளியே அறை மலிவு, ஆனால் அந்த மலிவு நிஜமா என்பது பயணச் சீட்டைப் பொறுத்தது. ஜெர்மனியில் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த மாதச் சீட்டு 2026 ஜனவரி முதல் 63 யூரோ. விரைவு ரயில்கள் நீங்கலாக, நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். அங்கே பக்கத்து ஊரில் அறை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. பிரான்சில் மாதச் சீட்டில் பாதியைக் கம்பெனி தர வேண்டும், இன்டர்ன்களுக்கும் இது உண்டு. பலர் கேட்பதே இல்லை. லண்டனிலோ ஊரைக் கட்டண மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், மண்டலம் தாண்டத் தாண்டக் கட்டணம் ஏறும், வாடகையில் மிச்சம் பிடித்தது டியூப் ரயிலில் கரைந்துவிடும்.

ஜெனீவாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015-இல் ஐ.நா. சபையில் சம்பளமில்லாத இன்டர்னாக இருந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர் அங்கே ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியது உலகச் செய்தியானது. உலகச் சுகாதார நிறுவனம் 2020 முதல் ஸ்டைபெண்ட் தருகிறது, ஐ.நா. தலைமைச் செயலக இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. எல்லை தாண்டிப் பிரான்சின் ஆன்மாஸ் பக்கம் வாடகை குறைவு, 2019 டிசம்பரில் தொடங்கிய லேமான் எக்ஸ்பிரஸ் ரயிலும் ஓடுகிறது. ஆனால் சுவிஸ் அனுமதியை வைத்துக்கொண்டு பிரான்சில் குடியிருந்துவிட முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். இந்த மாதிரி நகரத்துக்குக் கடன் வாங்கிச் சம்பளமில்லாமல் போவதை நான் சிபாரிசு செய்வதில்லை. அதே துறையில் ஸ்டைபெண்டோடு, சின்ன ஊரில் கிடைக்கும் வேலை போதும்.

ஸ்டைபெண்ட் விஷயத்தில் ஒன்றை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் படிப்பின் கட்டாயப் பகுதியாக வரும் இன்டர்ன்ஷிப்புக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. பிரான்சில் இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் குறைந்தபட்சத் தொகை ஒன்று கட்டாயம். ஆகவே கம்பெனி சொல்லும் தொகை எந்தக் கணக்கில் வருகிறது, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

அன்றாடச் செலவுக்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் சமைத்தால் பாதிக் கவலை தீரும். கடையிலும் ஏடிஎம்மிலும் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா" என்று இயந்திரம் கேட்டால், உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விகிதம்.

கடைசியாக, முன்பணம். சாவி வாங்கும் அன்றே சுவர், தரை, குளியலறை, அடுப்பு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். காலி செய்யும்போது ஒப்படைப்புத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மின்சாரம், ஹீட்டர் கணக்கு முடியவில்லை என்று ஜெர்மனியில் முன்பணத்தின் ஒரு பகுதியைச் சில மாதம் பிடித்து வைப்பது சாதாரணம். ஆகவே கிளம்பும் அவசரத்தில் அந்த ஊர் வங்கிக் கணக்கை மூடிவிட வேண்டாம், பணம் வந்து சேர்ந்த பிறகு மூடிக்கொள்ளலாம்.