கேளுங்க, சொல்றோம்: கல்லுல இருக்கிற வருஷமும் சுவத்தோட வயசும்

போன இதழ்ல சென்னை கட்டடங்களைப் பத்தி போகிற போக்குல ரெண்டு வரி எழுதிட்டோம், அவ்ளோதான், இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அதே விஷயம். அதனால சினிமா, ஜோசியம் கேட்டவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கே: சார், வெள்ளைக்காரங்க நம்ம தமிழ்நாட்டுல கட்டி இன்னைக்கும் நிக்கிறதுல ரொம்பப் பழசு எது? வீட்ல இதுக்காகவே ஒரு சண்டை ஓடிட்டு இருக்கு. நான் செயின்ட் ஜார்ஜ் கோட்டைங்கறேன், மச்சான் லஸ் சர்ச்சுங்கறார், என் பையன் தரங்கம்பாடிங்கறான். – திண்டுக்கல் வாசகர்

ப: மச்சானுக்கு ஒரு காபி வாங்கிக் குடுத்துடுங்க, ஆனா முழு டம்ளரா குடுக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

மயிலாப்பூர் லஸ் சர்ச்சுல இருக்கிற கல்லுல 1516னு இருக்கு. அந்தக் காலத்துல சுத்தி காடா இருந்ததால ஊர்க்காரங்க காட்டுக் கோயில்னு சொல்லுவாங்க. கடல்ல தத்தளிச்ச போர்ச்சுகீசிய மாலுமிகளுக்கு ஒரு வெளிச்சம் வழி காட்டுச்சு, அது மறைஞ்ச இடத்துல கோயில் கட்டினாங்கன்னு கதையும் உண்டு. பிரச்சனை என்னன்னா போர்ச்சுகீசியர் சாந்தோம் பக்கம் வந்து காலூன்றுனதே 1520களின் ஆரம்பத்துல தான், அதுக்கு முன்னாடியே அந்தக் காட்டுக்குள்ள போயி ஒரு சர்ச் எதுக்கு கட்டப்போறாங்கன்னு கேக்கற ஆராய்ச்சியாளர்கள் இருக்காங்க, அவங்க கணக்குல இந்தக் கட்டடம் அதே நூற்றாண்டோட பின்பாதி. அப்படிப் பாத்தாலும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை விட பழசு தான், அதுல உங்க மச்சான் ஜெயிச்சுட்டார்.

இதே கதை தான் பரங்கிமலையிலயும். மலை மேல இருக்கிற சர்ச்சுக்கு எல்லாரும் சொல்ற வருஷம் 1523. ஆனா 1547ல புதுசா கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது தான் பஹ்லவிங்கற பழைய பாரசீக எழுத்து பொறிச்ச அந்த கல் சிலுவை கிடைச்சுது, இன்னைக்கும் பலிபீடத்துல அது தான் இருக்கு. அப்ப 1547ல புதுசா தோண்டினாங்கன்னா 1523ல கட்டுனதுல எவ்ளோ மிச்சம்? யோசிச்சுக்கோங்க. சைதாப்பேட்டை சின்னமலையில 1551ல குகையை ஒட்டிக் கட்டுன சின்ன கோயில் அப்படியே இருக்கு, பக்கத்துலயே 1971ல கட்டுன பெரிய வட்ட சர்ச்சும் இருக்கு. நிறைய பேர் அந்த வட்ட சர்ச்சை போட்டோ எடுத்துப் போட்டு 1551னு எழுதிடறாங்க. தெற்கே போனா மணப்பாடு, கடலைப் பாத்த மணல்மேட்டு மேல திருச்சிலுவை ஆலயம், 1581.

நான் இதுக்கெல்லாம் ஒரே ஒரு அளவுகோல் தான் வெச்சிருக்கேன். ஆரம்பிச்ச வருஷம் வேற, இப்ப நிக்கிற சுவத்தோட வயசு வேற. ரெண்டையும் குழப்புறது பேரு வெச்ச தேதியைச் சொல்லிட்டு அன்னைக்கே பல்லும் முளைச்சுதுங்கற மாதிரி. சாந்தோம் பேராலயம் இதுக்கு நல்ல உதாரணம், போர்ச்சுகீசியர் அங்க கட்டுனது 16ஆம் நூற்றாண்டுல, ஆனா நீங்க இப்ப பீச் ரோட்ல இருந்து பாக்கிற அந்த வெள்ளை கோபுரம் 1896ல முடிச்சது. பழசு பழசுன்னு செல்ஃபி எடுக்கறோம், அது சென்ட்ரல் ஸ்டேஷனை விட வயசுல சின்னது!

உங்க பையன் சொன்னதும் தப்பில்ல. சர்ச்சுகளை ஒதுக்கிட்டு கோட்டைன்னு பாத்தா, முழுசா உருவத்தோட நிக்கிறதுல டென்மார்க்காரங்க கட்டுன தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் தான், 1620ல ஆரம்பிச்சது. ஆக மூணு பேர்ல தோத்தது நீங்க மட்டும் தான் சார்.

கே: செயின்ட் ஜார்ஜ் கோட்டை 1640ங்கறாங்களே, அப்ப உள்ள இருக்கிற எல்லாமே 1640 தானே? – ஆவடி வாசகி

ப: இல்லீங்க. கிழக்கிந்திய கம்பெனி ஆளுங்க ஃபிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் 1639ல தாமர்ல நாயக்கர்கள்கிட்ட இடம் வாங்கி, அடுத்த வருஷம் கட்ட ஆரம்பிச்ச கோட்டை ஒரு சின்ன சதுரம், அதுல இன்னைக்கு காட்டறதுக்குன்னு வெளிய ஒண்ணும் இல்ல. இப்ப நீங்க பாக்கிற மதில், கொத்தளம், அகழி எல்லாம் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு, அதுவும் 1746ல பிரெஞ்சுக்காரங்க வந்து கோட்டையை சுலபமா புடிச்சதுக்கு அப்புறம் ஞானோதயம் வந்து கட்டுனது. மியூசியம் இருக்கிற கட்டடம் 1795.

உள்ள பழசுன்னா அது செயின்ட் மேரிஸ் சர்ச். 1678 மார்ச்ல ஆரம்பிச்சு 1680 அக்டோபர் 28ல திறந்தாங்க, சூயஸுக்கு கிழக்கே இருக்கிற ஆங்கிலிகன் (இங்கிலாந்து திருச்சபை) சர்ச்சுகள்ல இது தான் மூத்தது. கம்பெனி காசு இல்ல, ஊர்ல இருந்த இங்கிலீஷ்காரங்க சந்தா போட்டுக் கட்டுனது. உள்ள போனா தலையைத் தூக்கி கூரையைப் பாருங்க. மரம் கிடையாது, எல்லாம் செங்கலும் சுண்ணாம்பும், அரை வட்டமா வளைச்சு ரெண்டு அடி கனத்துல கட்டியிருக்காங்க, குண்டு விழுந்தா உருண்டு போகணும்னு. சர்ச் கட்டும்போதே பீரங்கியை நினைச்சுக் கட்டியிருக்காங்கன்னா அந்தக் காலத்து பயத்தை யோசிங்க. திறந்த கொஞ்ச நாள்லயே அங்க நடந்த முதல் கல்யாணம் எலைஹூ யேலோடது, ஆமா, அமெரிக்க யேல் யுனிவர்சிட்டிக்கு பேர் குடுத்த அதே ஆள் தான். 1753ல கம்பெனி தளபதி ராபர்ட் கிளைவ் கல்யாணமும் அங்க தான்.

வெளிய வந்ததும் அவசரப்பட்டு கிளம்பிடாதீங்க, காலுக்குக் கீழ பாருங்க. சர்ச்சைச் சுத்தி தரை முழுக்க கல்லறைக் கல்லு பதிச்சிருக்கும், லத்தீன், போர்ச்சுகீசியம், அர்மீனியன்னு எழுத்து. கீழ யாரும் புதைக்கப்படல. இப்ப ஹைகோர்ட், லா காலேஜ் இருக்கிற பக்கம் தான் பழைய இடுகாடு, 1758-59ல பிரெஞ்சு தளபதி லாலி முற்றுகை போட்டப்ப பிரெஞ்சு சிப்பாய்ங்க அந்த சமாதிகளுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு சுட்டாங்க, அதனால போர் முடிஞ்சதும் சமாதிகளை இடிச்சுட்டு கல்லை மட்டும் இங்க கொண்டாந்துட்டாங்க. அதோட விடல, 1782ல ஹைதர் அலி வர்றார்னு பயந்து அதே கல்லுகளைப் பேத்து பீரங்கி நிறுத்தறதுக்குப் போட்டாங்க, அப்புறம் மறுபடி இங்க பதிச்சாங்க.

இன்னொண்ணு, சட்டசபை முகப்புல கருப்பு தூண்கள் இருக்குல்ல, பல்லாவரத்துக் கல்லு. 1746ல பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் புடிச்சப்ப இந்தத் தூண்களை பாண்டிச்சேரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, 1761ல பாண்டிச்சேரி விழுந்ததும் இங்கிலீஷ்காரங்க போயி திரும்ப எடுத்துட்டு வந்தாங்க. கட்டடம் ஓரிடத்துல தான் இருக்கும்னு நாம நினைக்கறோம், தூணெல்லாம் டூர் போயிட்டு வந்திருக்கு!

போறதா இருந்தா கையில ஐடி வெச்சுக்கோங்க, தலைமைச் செயலகம் இருக்கிறதால கேட்ல செக் பண்ணுவாங்க. மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு.

கே: பாண்டிச்சேரி ஒயிட் டவுன்ல நாங்க தங்கின வீடு 350 வருஷப் பழசுன்னு ஓனர் சொன்னாரு, நம்பலாமா? – ஈரோடு வாசகர்

ப: நம்பாதீங்க. பிரெஞ்சுக்காரங்க வந்தது 1674, அது நிஜம். ஆனா 1761ல இங்கிலீஷ்காரங்க ஊரைப் புடிச்சதும் கோட்டை, கவர்னர் மாளிகை, வீடு, சர்ச்னு ஒண்ணு விடாம தரைமட்டம் ஆக்கிட்டாங்க, கடலூர்ல செயின்ட் டேவிட் கோட்டையை பிரெஞ்சுக்காரங்க இடிச்சதுக்கு பழி. 1765ல திரும்பி வந்த பிரெஞ்சுக்காரங்க பழைய தெரு வரைபடத்து மேலயே மறுபடி கட்டுனாங்க. அதனால பாண்டில தெரு தான் பழசு, வீடு புதுசு. அந்த நேர் நேரான தெருவுக்கும் பிரெஞ்சுக்காரங்களை மட்டும் பாராட்ட முடியாது, 1693ல இருந்து 1699 வரைக்கும் ஊரை வெச்சிருந்த டச்சுக்காரங்க போட்ட திட்டம் அது. சம்பா கோயில்னு சொல்ற பெரிய சர்ச் கூட இப்ப இருக்கிறது 1791. ரூம் வாடகை பழசுக்குன்னு எக்ஸ்ட்ரா வாங்கியிருந்தா கேட்டு வாங்கிடுங்க.

கே: குழந்தைகளோட ஒரே நாள்ல பாத்துட்டு வர்ற மாதிரி ஒரு இடம் சொல்லுங்களேன், கோட்டையும் இருக்கணும் பீச்சும் இருக்கணும். – கும்பகோணம் வாசகி

ப: உங்களுக்கு தரங்கம்பாடியை விட்டா வேற என்னம்மா. டேனிஷ்காரர் ஓவே கியெட்டேயும் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரும் 1620 நவம்பர்ல ஒப்பந்தம் போட்டாங்க, தங்கத் தகட்டுல எழுதுன அந்த ஓலை இன்னும் கோபன்ஹேகன்ல இருக்கு. கோட்டை கடலைப் பாத்த மாதிரி மஞ்சள் கலந்த மண் கலர்ல நிக்கும். கீழ்த்தளம் முழுக்க வளைவுக் கூரை போட்ட அறைங்க, சரக்கு வெச்சது, சிப்பாய் தங்குனது, ஜெயில் எல்லாம் அங்க தான், மேல கவர்னர், பாதிரியார், பெரிய வியாபாரிங்க. மேல மாடியில நின்னா காத்து சட்டையைப் பிச்சுட்டுப் போகும், பசங்க தொப்பியைக் கழட்டச் சொல்லுங்க. உள்ள மாநில தொல்லியல் துறை மியூசியம் இருக்கு.

கோட்டையோட நிறுத்திடாம கிங்ஸ் ஸ்ட்ரீட்ல நடங்க, சீயோன் சர்ச் 1701, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டுன புது எருசலேம் சர்ச் 1718, அவர் சமாதியும் உள்ளயே இருக்கு. 1706 ஜூலைல வந்து இறங்குன மனுஷன், தமிழ் கத்துக்கிட்டு, அச்சுக்கூடம் வரவழைச்சு தமிழ்ல புதிய ஏற்பாட்டையே அடிச்சுட்டார். ஊர் நுழையற வாசல் 1792. கடற்கரையிலயே மாசிலாமணிநாதர் கோயில், இது மட்டும் பாண்டியர் காலம், 1300களின் ஆரம்பம், டேனிஷ்காரங்களுக்கு முன்னூறு வருஷம் மூத்தது, முன்பக்கத்தை கடல் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிச்சு. 1845ல இந்த ஊரையும் வங்காளத்து செராம்பூரையும் சேத்து டேனிஷ்காரங்க இங்கிலீஷ்காரங்களுக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு வித்துட்டாங்க. சண்டை இல்லாம கைமாறுனதால தான் இவ்ளோ மிஞ்சியிருக்குன்னு நான் நினைக்கிறேன், மத்த ஊரெல்லாம் பாருங்க, ஒருத்தன் கட்டுனதை இன்னொருத்தன் இடிச்சதே வரலாறு.

கே: அங்கிள், டச்சுக்காரங்க கட்டுனது எதுவும் மிச்சம் இல்லையா? புராஜெக்ட்டுக்கு வேணும். – ஒன்பதாம் வகுப்பு மாணவி, பொன்னேரி

ப: கண்ணு, உன் பக்கத்துலயே பழவேற்காடு இருக்கு, என்கிட்ட கேக்கறியே! கெல்ட்ரியா கோட்டை, 1613, சோழமண்டலக் கரையில டச்சுக்காரங்களோட தலைமையிடமே கொஞ்ச காலம் அது தான். இப்ப புதர் மண்டுன மேடு, சுத்தி அகழி தெரியும், அவ்ளோதான். 1806ல இங்கிலீஷ்காரங்க உடைச்சுட்டாங்க. ஆனா பக்கத்துல இருக்கிற டச்சு கல்லறையை கட்டாயம் பாரு, வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், 17ஆம் நூற்றாண்டு வேலை. உள்ள ஒரு கல்லறைக் கல்லுல அந்தக் கோட்டையோட படத்தையே செதுக்கி வெச்சிருக்காங்க, கோட்டை போயிடுச்சு படம் இருக்கு, புராஜெக்ட் அட்டைக்கு அதை வரைஞ்சுக்கோ. கல்பாக்கம் பக்கத்துல சதுரங்கப்பட்டினத்துலயும் டச்சு கோட்டை இருக்கு, செங்கல் மதில், கிடங்கு, கல்லறை எல்லாம் சேத்து தொல்லியல் துறை பராமரிக்குது. 1754ல இங்கிலீஷ்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் சமாதானம் பேசறோம்னு இங்க தான் உக்காந்தாங்க, டச்சுக்காரங்க இடம்னா ரெண்டு பேருக்கும் நடுநிலைன்னு. தூத்துக்குடியில 1750 டச்சு சர்ச், நாகப்பட்டினத்துல 1774. போதுமா? அப்பா அம்மா கூட போ, தனியா போகாத.

கே: அந்தச் சுவரெல்லாம் முட்டை, வெல்லம் போட்டுக் கட்டுனதால தான் நிக்குதுன்னு ஒரு வீடியோ பாத்தேன், உண்மையா? – சேலம் வாசகர்

ப: பாதி உண்மை. முட்டை வெள்ளைக்கரு, தயிரு எல்லாம் சுவத்துக்குள்ள போகல, மேல் பூச்சுக்குத் தான். கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பை மைய அரைச்சு, கடைசி பூச்சுல இதெல்லாம் சேத்து, காயறதுக்குள்ள தேய்ச்சுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்குவாங்க. மெட்ராஸ் சுண்ணாம்புன்னா அன்னைக்கு பேர் போனது, வந்தவங்க பளிங்குக் கல்லுன்னே ஏமாந்திருக்காங்க. சாந்துக்கு கடுக்காய் தண்ணி, வெல்லத் தண்ணி சேக்கறது உண்டு. ஆனா நிக்கிறதுக்கு முக்கிய காரணம் கனம், மூணு அடி நாலு அடி சுவரு, அப்புறம் சுண்ணாம்பு மூச்சு விடும், உள்ள போன ஈரம் வெளிய வந்துடும். இப்ப ரிப்பேர்னு சொல்லி அது மேல சிமெண்ட் பூசறாங்க பாருங்க, அங்க தான் வினை. ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு உப்பு பூத்து செங்கல் மாவா கொட்டும். முந்நூறு வருஷம் பீரங்கிக்கும் புயலுக்கும் நின்ன சுவரு ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு விழுந்துடும். உங்க வீடு பழைய காரை வீடா இருந்தா சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாரைத் தேடுங்க, கூலி ஜாஸ்தி தான், பரவாயில்ல.

கே: சென்ட்ரல், ஹைகோர்ட், ரிப்பன் பில்டிங் இதுல எது மூத்தது? – ஓசூர் வாசகர்

ப: சென்ட்ரல் 1873, ஹைகோர்ட் 1892, ரிப்பன் 1913. மூணுமே இந்தப் பந்தயத்துல சின்னப் பசங்க. ஸ்டேஷன்னு பாத்தா ராயபுரம், 1856.

கே: கடலூர்ல பீரங்கிக் குண்டு விழுந்த தூரத்தை வெச்சு நிலம் வாங்கினாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு, கதையா? – நெல்லிக்குப்பம் வாசகர்

ப: கதை இல்ல, தாத்தா கரெக்ட். 1690ல மராட்டியர்கிட்ட இருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை இங்கிலீஷ்காரங்க விலைக்கு வாங்கினப்ப, கோட்டையில இருந்து சுட்டா குண்டு எவ்ளோ தூரம் போகுதோ அந்த எல்லை வரைக்கும் சேத்துன்னு பேச்சு. சுட்டாங்க, குண்டு எல்லைக்குள்ள வந்த ஊரெல்லாம் குண்டு கிராமம் ஆயிடுச்சு. செயின்ட் டேவிட் கோட்டைன்னு பேரு, கிளைவ் இங்க கவர்னரா இருந்திருக்கார், 1758ல லாலி புடிச்சு உடைச்சுட்டார், கெடிலம் ஆத்து ஓரமா இடிபாடு தான் மிச்சம். நிக்கிற கட்டடம் தான் பாக்கணும்னா மஞ்சக்குப்பத்துல கார்டன் ஹவுஸ், 1730கள்ல கட்டுனது, ரொம்ப வருஷம் கலெக்டர் பங்களாவா இருந்துச்சு, வெளிய இருந்து பாத்துக்கலாம்.