யூத ஜெப ஆலயத்தில் தலைமுறைகள் எவ்வாறு இணைகின்றன?

யூதரின் ஜெப ஆலயங்களில் முதியோரையும் இளையோரையும் ஒன்றாக வைத்திருப்பது எது என்று கேட்டிருக்கிறீர்கள். தனி நிகழ்ச்சிகளைவிட வழிபாட்டின் அமைப்பே அதைப் பெரிதும் செய்கிறது என்பது என் கருத்து. கூட்டு வழிபாட்டின் முக்கியப் பகுதிகளுக்கு வயது வந்தோர் 10 பேர் தேவை. மரபுவழிச் சபைகள் ஆண்களை மட்டுமே கணக்கில் கொள்ள, பிற பிரிவுகளில் பெரும்பாலானவை பெண்களையும் சேர்த்துக்கொள்கின்றன. 13 வயது நிறைந்த சிறுவன் அந்த எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவதால், பெற்றோரை இழந்து துக்கம் காக்கும் ஒருவர் காதிஷ் மன்றாட்டைச் சொல்வதற்கு அவனது வருகை உண்மையாகவே தேவைப்படலாம்.

அவனினும் இளைய பிள்ளைகளுக்கும் இடமுண்டு. அஷ்கெனாசி எனப்படும் நடு, கிழக்கு ஐரோப்பிய யூத மரபைச் சேர்ந்த சபைகள் பலவற்றில் சனிக்கிழமை காலை வழிபாட்டின் முடிவில் ‘அனிம் ஜெமிரோத்’ பாடலைச் சிறுவன் ஒருவன் முன்னின்று பாட, சபையார் அடிக்கு அடி மாற்றிப் பாடுகின்றனர். யூதரின் மறைநூலான தோராவின் ஆண்டு வாசிப்பை முடித்து மீண்டும் தொடங்கும் சிம்காத் தோரா திருநாளில் பிள்ளைகள் அனைவரும் விரித்துப் பிடித்த தொழுகைப் போர்வையின்கீழ்த் திரண்டு நிற்க, பெரியவர் ஒருவர் அவர்களோடு தோரா வாசிப்புக்கான ஆசியுரையைச் சொல்வது பரவலான வழக்கம்.

சிறுமியருக்கான வாசல் பிற்பாடுதான் திறந்தது; 1922இல் நியூயார்க்கில் ரபி (யூத சமய குரு) மொர்தெகாய் கப்லான் தம் மகள் ஜூடித்துக்கு நடத்திய பாத் மிட்ஸ்வா (சிறுமி சமயக் கடமைகளுக்கு உரிய வயதை அடைவதைக் குறிக்கும் சடங்கு) அதில் ஒரு திருப்புமுனை. இன்று அமெரிக்கச் சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் இத்தகைய சடங்கு நாளில் தாத்தா பாட்டி தோராச் சுருளைப் பெற்றோரிடமும், பெற்றோர் பிள்ளையிடமும் கைமாற்றுகின்றனர். அழகான சடங்குதான், ஆயினும் விழா முடிந்ததும் பல குடும்பங்கள் விலகிவிடுவது அச்சபைகளின் நெடுநாள் கவலை என்பதால், பிள்ளைகளைத் தொடர்ந்து தோரா வாசிக்கவும் இளையோருக்கு எபிரேயம் கற்பிக்கவும் அழைப்பதே கூடுதல் பயன் தரும் என நினைக்கிறேன்.