அச்சில் தீர்வு வெடிக்கிறதா? ஆரத்தோடு சிறு எண்ணைக் கூட்டாதீர்கள்

வணக்கம். குழாய் ஓட்டத்துக்கான அச்சுச்சமச்சீர் (அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான) நேவியர்-ஸ்டோக்ஸ் நிரல், அதாவது திரவ ஓட்டச் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல், மைய அச்சருகே வெடிக்கிறது (எண்கள் கட்டில்லாமல் பெருகுகின்றன), பூஜ்ஜியத்தால் வகுப்பதைத் தவிர்க்க ஆரத்தோடு 0.000001 கூட்டியிருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். சிக்கலே அந்த எண்தான். ஆர வர்க்கத்தால் வகுக்கும் உறுப்பு அச்சில் லட்சம் கோடி மடங்காகிவிடும். வெளிப்படை முறையில் (அடுத்த நேரப்படியின் மதிப்பை இப்போதைய மதிப்புகளிலிருந்தே நேரடியாகக் கணிப்பது) நடைமுறைக்கு ஏற்ற எந்த நேரப்படியும் அதைத் தாங்காது.

அந்த எண்ணை எடுத்துவிட்டு ஸ்டாக்கர்டு கிரிட்டுக்கு (அழுத்தத்தையும் வேகங்களையும் கட்டத்தின் வெவ்வேறு இடங்களில் வைக்கும் வலை) மாறுங்கள். அழுத்தமும் அச்சுத்திசை வேகமும் அச்சிலிருந்து அரைக் கட்டம் தள்ளி உட்காரும். ஆரத்திசை வேகம் கட்டத்தின் முகத்தில் இருக்கும். அச்சிலுள்ள முகத்தில் அது பூஜ்ஜியம். அந்த முகத்தின் பரப்பும் பூஜ்ஜியம் என்பதால் அதன் வழியே பாயம் (கடந்து செல்லும் அளவு) கிடையாது. அப்புறம் எங்கேயும் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டியே வராது. அழகான விஷயம் இது!

இன்னொன்று, அந்த ஆர வர்க்க உறுப்பு ஆரத்திசைச் சமன்பாட்டில் மட்டும்தான் வரும் (சுழற்சி இருந்தால் கோணத்திசையிலும்). அச்சுத்திசையில் தவறிச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பலரும் சறுக்கும் இடம் அது.

சரி, திருத்தியபின் காலத்தோடும் குழாய் நெடுகவும் மாறாத அடுக்கு ஓட்டத்தை (கலங்காமல் அடுக்கடுக்காகப் பாய்வது) ஓட்டிப் பாருங்கள். மைய வேகம் சராசரியைப் போல் 2 மடங்கு வர வேண்டும். வராவிட்டால் அச்சு எல்லை நிபந்தனையை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.