மச்சினன் சொன்ன கோர்ஸும் மூன்றாம் முறை அடகுக்குப் போகும் சங்கிலியும்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 34,000 ரூபாய். செலவு போக 4,000 நிற்கும். அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில், அதாவது நம் லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் கிடைக்கும் கமிஷனில், சம்பாதிக்க ஒரு வெப்சைட் தொடங்க ஆசை. மனைவி வீட்டில் தையல் வேலை செய்வதால் தையல் மெஷின், ஊசி, நூல் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். இதைக் கற்றுத் தருவதாகச் சொல்லும், மச்சினன் சேர்ந்திருக்கும் ஆன்லைன் கோர்ஸுக்கு 45,000 ரூபாய். மனைவியின் இரண்டரைப் பவுன் சங்கிலியை முதலில் 70,000-க்கு வைத்தேன். ஒரு வருடம் கழித்துத் திருப்பி, 95,000-க்கு வைத்தேன். இந்த மாதம் கெடு முடிகிறது. விலை ஏறியிருப்பதால் இப்போது 1,55,000 தருகிறார்கள். 'வட்டியும் கட்டிடலாம், கோர்ஸிலும் சேர்ந்துடலாம் மாமா' என்கிறான். மனைவிக்கு மனசே இல்லை. தீபாவளி போனஸ் 18,000 அப்படியே இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: வெப்சைட் ஆசையில் தப்பில்லை, அதற்கு ஆகும் செலவும் பெரிதில்லை. உறுத்துவது அந்தச் சங்கிலிதான். கணக்குப் பார்ப்பவர் நீங்கள். இந்தக் கணக்கை மட்டும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

வட்டி மாதம் ஒரு சதவீதம் என்றே வைப்போம். 70,000-க்கு ஒரு வருட வட்டி 8,400. அதைக் கழித்துக்கொண்டு 95,000-க்கு மாற்றி வைத்தபோது கைக்கு வந்தது 16,600. இப்போது 95,000-க்கு வட்டி 11,400. 1,55,000 வாங்கினால் கைக்கு வருவது 48,600. மூன்று முறையும் சேர்த்து உங்கள் கைக்கு வந்தது 1,35,200. பாக்கி நிற்பது 1,55,000. இடையில் உள்ள 19,800 முழுக்க வட்டி, அதையும் கடன் வாங்கியே கட்டியிருக்கிறீர்கள். தங்கம் விலை ஏறியதன் லாபம் உங்கள் வீட்டுக்கு வரவே இல்லை, அடகுச் சீட்டிலேயே கரைந்துவிட்டது. விலை இறங்கினாலோ, கூடுதல் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். கட்டாவிட்டால் ஏலம்தான்.

ஆகவே, போனஸிலிருந்து 11,400 எடுத்து வட்டியைக் கட்டுங்கள். சங்கிலியை அதே 95,000-க்கு மட்டும் புதுப்பியுங்கள். கவுன்டரில் 'இன்னும் தர்றோமே' என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இடையில் அசலைக் குறைக்கலாமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். மாதம் 4,000 கட்டிவந்தால் 27, 28 மாதத்தில் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். கட்டும்போதெல்லாம் ரசீதில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி கோர்ஸ். உங்கள் மச்சினனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதுவரை வந்த பணத்தில் பொருள் விற்று வந்தது எவ்வளவு, ஆள் சேர்த்து வந்தது எவ்வளவு? 'மூணு பேரைச் சேர்த்தா போட்ட பணம் வந்துடும்' என்று பதில் வந்தால், நீங்கள் அந்த மூன்று பேரில் ஒருவர். அவன்மேல் கோபப்பட வேண்டாம், அவனும் போட்ட பணத்தைத் தேடிக்கொண்டிருப்பான். கோர்ஸ் பணத்துக்கு 'நோ காஸ்ட் இஎம்ஐ' (வட்டியில்லாத் தவணை) என்று சொன்னாலும் கடன் கடன்தான்; பாதியில் பிடிக்கவில்லை என்றாலும் தவணை நிற்காது.

வெப்சைட்டுக்கு உண்மையில் என்ன ஆகும்? டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், வருடத்துக்கு 700 முதல் 1,200 ரூபாய். ஷேர்டு ஹோஸ்டிங் (சைட்டை வைக்கப் பலரோடு பகிர்ந்துகொள்ளும் வாடகை இடம்) ஒரு வருடத்துக்கு, ஜிஎஸ்டி சேர்த்து, சுமார் 3,000. சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம், அதற்கு நல்ல தீம்கள் (தோற்ற வடிவங்கள்) இலவசமாகவே உண்டு, சைட்டின் பாதுகாப்புக்கான எஸ்எஸ்எல்லும் இலவசம். 4,000 ரூபாயில் முடியும் காரியம். ஹோஸ்டிங் பக்கத்தில் மாதக் கட்டணம் சொற்பமாகத் தெரியும். அது மூன்று, நான்கு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான். புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்காகிவிடும். அதனால் ஒரு வருடம் மட்டும் எடுங்கள். பில் போடும் இடத்தில் பேக்கப், செக்யூரிட்டி, ஈமெயில் என்று டிக் செய்து வைத்திருப்பார்கள், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் இருக்க வேண்டும். மச்சினன் அக்கவுன்டில் வாங்கிவிட்டு அப்புறம் கேட்டு அலையக் கூடாது. டொமைன் பெயரில் 'அமேசான்' போன்ற பிராண்டு பெயரைச் சேர்க்காதீர்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த விஷயம் நல்ல விஷயம். 'டாப் 10 தையல் மெஷின்' என்று எழுதுபவர்கள் ஆயிரம் பேர். அதில் போய் நிற்காதீர்கள். பனியன் துணியை வீட்டு மெஷினில் தைத்தால் தையல் ஏன் விட்டுவிட்டு விழுகிறது, துணியில் ஏன் பொத்தல் விழுகிறது என்று எழுதுங்கள். சாதாரணக் கூர் ஊசி பின்னல் இழையை அறுக்கும். முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி இழையை விலக்கிக்கொண்டு போகும். கடையில் தெரியாமல் கம்பெனி மெஷின் ஊசியை வாங்கி வந்து வீட்டு மெஷினில் மாட்டப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்! கம்பெனி மெஷின் ஊசியின் காம்பு முழு உருண்டை, வீட்டு மெஷின் ஊசியின் காம்பில் ஒரு பக்கம் தட்டை. இரண்டையும் பக்கத்தில் வைத்து நீங்களே படமெடுத்துப் போடுங்கள். ஏஐ வைத்து ஒரே வாரத்தில் நூறு கட்டுரை போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். தேடலில் மேலே வருவதற்காகவே குவிக்கும் பக்கங்களுக்கு எதிராக கூகுள் 2024 மார்ச்சில் விதிகளை இறுக்கிவிட்டது.

அமேசான் அஃபிலியேட்டில் முதல் நாளே சேராதீர்கள். சேர்ந்த 180 நாளுக்குள் தகுதியான மூன்று விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். நீங்களோ வீட்டாரோ வாங்குவது கணக்கில் வராது. முதலில் 15, 20 கட்டுரை, கொஞ்சம் கூட்டம், பிறகு விண்ணப்பம். லிங்க் மூலம் கமிஷன் கிடைக்கும் என்பதைப் பக்கத்திலேயே தெளிவாக எழுத வேண்டும்.

வரவை உத்தேசமாகப் பார்ப்போம். மாதம் 3,000 பேர் வந்து, பத்தில் ஒருவர் லிங்கைத் தட்டினால் 300. அதில் 4 சதவீதம் பேர் வாங்கினால் 12 ஆர்டர். சராசரி 1,500 ரூபாய், கமிஷன் 5 சதவீதம் என்றால் 900 ரூபாய். திரும்பி வரும் பொருளுக்குக் கமிஷன் கிடையாது, ஆகவே 800 என்று வையுங்கள். அதுவும் மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் வரும். 1,55,000 கடனுக்கு மாத வட்டி மட்டும் 1,550. அந்த வட்டிக்கே 6,000 பேர் வர வேண்டும். புது சைட்டுக்கு அது முதல் வருடத்தில் எளிதில் நடக்காது. கோர்ஸுக்குக் கொடுத்த 45,000 அசலுக்கு எங்கே போவீர்கள்?

வருமானம் வரத் தொடங்கினால் டிடிஎஸ் (கமிஷன் தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடிக்கக்கூடும், வருமான வரிக் கணக்கில் பாருங்கள். கமிஷன் வரவு இருந்தால் சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 வரிப் படிவம் போதாது.

வட்டியும் சைட்டும் போக போனஸில் 2,600 மிஞ்சும். அதை அசலில் கட்டுங்கள். சைட் தொடங்கியதுமே, தேடலிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் சேர்த்துவிடுங்கள், அதுவும் இலவசம். ஹோஸ்டிங் முடியும் மாதத்தில் அதைத் திறந்து பாருங்கள். தேடலிலிருந்து மாதம் 300 கிளிக்கூட வரவில்லை என்றால் டொமைனை மட்டும் புதுப்பித்து, ஹோஸ்டிங்கை விட்டுவிடுங்கள். கட்டுரைகளை முன்னதாகவே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.