அம்மா வழி மைட்டோகாண்ட்ரியா: சுகர், காது, மாத்திரை பற்றிச் சில கேள்விகள்

அம்மாவுக்கும் பாட்டிக்கும் சர்க்கரை நோய். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்துதான் வருகிறது என்று படித்தேன். அப்படியானால் எனக்கும் வந்தே தீருமா?

தீராது. மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் குட்டி உறுப்பு. அதற்கென்று தனியாக இருக்கும் டிஎன்ஏ மிகச் சிறியது. 16,569 வேதி எழுத்துகள், 37 மரபணுக்கள், அவ்வளவுதான். அது அம்மா வழியில் வருகிறது என்பது உண்மை. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் வேலை பார்க்கும் புரதங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் 13 மட்டுமே இந்தச் சின்ன டிஎன்ஏவிலிருந்து உருவாகின்றன. மற்றவற்றுக்கான மரபணுக்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. அதில் அப்பாவின் பங்கும் உண்டு.

குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு, பெற்றோர் இருவருக்கும் இல்லாதவர்களைவிடச் சுமார் மூன்றரை மடங்கு. அப்பாவுக்கு மட்டும் இருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். இருவருக்கும் இருந்தால் ஆறு மடங்கு. அம்மாவைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. முப்பது வயதைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை சுகர் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 36, எடை 46 கிலோ. நான்கு ஆண்டுகளாகச் சுகர், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இப்போது காதும் மந்தமாகி வருகிறது. அம்மாவுக்கும் தாய்மாமாவுக்கும் இதே இரண்டு பிரச்சினையும் உண்டு. சுகர் முற்றினால் காது போகுமா?

நாள்பட்ட சுகர் காதைக் கொஞ்சம் பாதிக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தத் தாய்மாமாதான். ஒல்லியான உடம்பு, இளவயதுச் சுகர், கூடவே காது மந்தம், அதுவும் அம்மா வழியில் வரிசையாக என்றால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 3243ஆம் இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே ‘ஏ’ என்ற எழுத்து ‘ஜி’யாக மாறியிருந்தால் இந்த இரண்டும் சேர்ந்து வரும். 1992இல் நெதர்லாந்தில் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார்கள்.

காரணம் இதுதான். கணையத்தின் பீட்டா செல் இன்சுலினை வெளியே விட நிறைய ஆற்றல் வேண்டும். உட்காதும் அப்படியே ஆற்றலைத் தின்னும் இடம். மைட்டோகாண்ட்ரியா தளர்ந்தால் முதலில் அடிவாங்குபவை இப்படிப்பட்ட உறுப்புகள்தான். இதே மாற்றம் சிலருக்கு இளம் வயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதலையும் வலிப்பையும் கொண்டுவரும்.

நீங்கள் செய்ய வேண்டியது: இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் இந்தக் குடும்பக் கதையை முழுதாகச் சொல்லி, மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். ரத்தத்தில் இந்த மாற்றத்தின் அளவு வயதாக ஆகக் குறைந்துகொண்டே போகும். அதனால் ரத்தத்தில் ‘இல்லை’ என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. சிறுநீரில் பார்ப்பது இன்னும் நம்பகமானது. மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையையே கொஞ்சம் மட்டுப்படுத்தும் மருந்து. லாக்டிக் அமிலம் கூடிவிடும் என்ற பயத்தில் இந்த நோயாளிகளுக்குப் பெரும்பாலான நிபுணர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்தோ இன்சுலினோ எழுதி வாங்கிக்கொண்டு நிறுத்துங்கள். அப்புறம் ஈசிஜி, எக்கோ, சிறுநீரில் புரதம், விழித்திரை, காது கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எல்லாமே ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

நீரிழிவுக்காரர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவர்தான் இப்படி. இருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது சுகர் உண்டா என்று கேட்பதோடு மருத்துவர்களான நாங்கள் நிறுத்திவிடுகிறோம். யாருக்காவது காது கேட்காதா, எந்த வழியில் என்று கேட்க அரை நிமிடம் போதும். ஓபி கூட்டத்தில் அந்த அரை நிமிடம்தான் கிடைப்பதில்லை.

அக்காவுக்கு இந்த 3243 மாற்றம் உறுதியாகிவிட்டது, மிகவும் கஷ்டப்படுகிறார். எனக்கு ஒன்றுமே இல்லை. ஒரே அம்மாதானே? என் அண்ணனின் பிள்ளைகளுக்கு வருமா?

ஒரு செல்லில் இந்த டிஎன்ஏ நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ பிரதிகளாக இருக்கும். உங்கள் அம்மாவிடம் நல்லதும் மாறியதும் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு கருமுட்டைக்கும் எந்த விகிதத்தில் போய்ச் சேரும் என்பது, உளுந்து கலந்த அரிசி மூட்டையில் கையை விட்டு அள்ளுவது போலத்தான். மாறிய பிரதிகள் ஓர் உறுப்பில் பாதிக்கு வெகுவாக மேலே போனால்தான் பொதுவாகத் தொந்தரவு தொடங்கும். நீங்களும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். குழந்தை பெறும் திட்டம் இருந்தால் அதற்கு முன்பே.

அண்ணன் பிள்ளைகளுக்கு வராது. ஆண் இதைக் கடத்துவதில்லை.

பெரியம்மாவுக்கு அந்தக் காலத்தில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்ட பிறகு காது போய்விட்டதாம். என் பிரசவம் நெருங்குகிறது. குழந்தைக்கு ஏதாவது சொல்லிவைக்க வேண்டுமா?

பெரியம்மா உங்கள் அம்மாவின் அக்கா என்றால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இது அதே மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் வேறு இடம், 1555. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிக்காசின் எல்லாம் பாக்டீரியாவின் ரைபோசோமை, அதாவது புரதம் தயாரிக்கும் இயந்திரத்தைப் பிடிக்கும் மருந்துகள். 1555இல் எழுத்து மாறியவர்களின் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம், பாக்டீரியாவின் ரைபோசோமைப் போலவே ஆகிவிடுகிறது. மருந்து ஆள் மாறிப் போய் அதையும் பிடித்துக்கொள்கிறது. சரியான அளவில் கொடுத்தாலும் காது போகலாம், திரும்பாது. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் பச்சிளங்குழந்தையின் கன்னத்தில் ஒரு துடைப்பு எடுத்து 26 நிமிடத்தில் இதைக் கண்டறியும் சோதனையை உருவாக்கியிருக்கிறார்கள். அது கைக்கு எட்டாத இடங்களில் குடும்பக் கதைதான் சோதனை. குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால் வேறு ஆன்டிபயாட்டிக் தேர்ந்தெடுப்பார். ஆனால் உயிருக்கு ஆபத்தான தொற்று, கையில் வேறு மருந்து இல்லை என்றால் போடத்தான் வேண்டும்.

கோ-கியூ10 மாத்திரை மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் என்கிறார்களே?

கோ-கியூ10 என்பது மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்க உதவும், உடம்பே உண்டாக்கிக்கொள்ளும் ஒரு பொருள். உடம்பால் அதைத் தயாரிக்க முடியாத அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது மருந்து. மற்றவர்கள் காசைக் கரியாக்க வேண்டாம். பெருக்கும் வழி 1967லேயே தெரிந்துவிட்டது. ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தபோது தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகள் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தன. நடை, ஓட்டம், சைக்கிள் எதுவானாலும் சரி. மேலே சொன்ன 3243 உறுதியானவர்கள் மட்டும் இதயத்தைப் பரிசோதித்த பிறகே, மெதுவாகத் தொடங்க வேண்டும்.