பழைய காலத்துப் பெண் பெயர்களில் உங்களுக்குப் பிடித்தது எது? அதைச் சுருக்கிக் கூப்பிடுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் விளக்கத்துல, பொண்ணுக்கு ஆச்சி பேரு விசாலாட்சியை வைக்கலாம்னு இருக்கோம், ஆனா வீட்ல பாதிப் பேரு இது ரொம்பப் பழசு, நீளம், கூப்பிட வராதுங்கிறாங்கன்னு எழுதியிருக்காரு. தாராளமா வைங்க சார். நீளமா இருக்கிறதுதான் அந்தப் பேரோட வசதியே. விசாலம்னு கூப்பிடலாம், விசாலின்னு கூப்பிடலாம், சாலான்னு கூப்பிடலாம், அவங்கவங்க வாய்க்கு எது வருதோ அது. இப்ப வைக்கிற ரெண்டெழுத்துப் பேர்ல என்னத்த வெட்டுறது, ரியான்னு வச்சா கடைசி வரைக்கும் ரியாதான், செல்லமா கூப்பிடணும்னா வேற பேரு தேடணும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். எங்க பக்கம் முன்னாடியெல்லாம் பேரு வைக்க புஸ்தகம் புரட்ட மாட்டாங்க, பக்கத்துல எந்தக் கோயிலோ அந்த அம்மன் பேருதான். நெல்லையப்பர் கோயில்னா காந்திமதி, சங்கரன்கோவில்னா கோமதி, பாபநாசம்னா உலகம்மை, குற்றாலம்னா குழல்வாய்மொழி. இதனால என்ன ஆகும்னா ஒரே தெருவுல நாலு கோமதி இருப்பாங்க, நாலு பேரும் கோமு ஆயிடுவாங்க, அப்புறம் பெரிய கோமு, டீச்சர் கோமு, மச்சு வீட்டு கோமுன்னு அடையாளம் சேத்துக்கிட்டே போகும். காந்திமதியை காந்தின்னே கூப்பிடுவாங்க. வெளியூர்க்காரங்களுக்கு அது வேடிக்கையா இருக்கும், "ஏ காந்தி, பால் பொங்குது பாரு"ன்னு சத்தம் கேட்டா எங்களுக்கு அத்தை மட்டும்தான் ஞாபகம் வருவா. மத்த ஊர்லயும் இதே கதைதான், மதுரைக்கு மீனாட்சி, திருவானைக்காவலுக்கு அகிலாண்டேஸ்வரி, திருக்கடையூருக்கு அபிராமி, வைத்தீஸ்வரன்கோயிலுக்கு தையல்நாயகி. ஒருத்தரோட பாட்டி பேரைக் கேட்டாலே எந்தப் பக்கத்து ஆளுங்கன்னு ஓரளவு கண்டுபிடிச்சிடலாம்.

சுருக்குறது வெறும் சோம்பேறித்தனம்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நம்ம பக்கம் பேத்திக்கு அப்பாவைப் பெத்த பாட்டி பேரை வைக்கிற வழக்கம் உண்டுல்ல, அப்ப மருமக என்ன பண்ணுவா? மாமியார் பேரைச் சொல்லவே கூடாது, அதுலயும் "ஏட்டி ஆவுடை, இங்க வா"ன்னு பிள்ளையை அதட்டுனா உள்ள மாமியார் காதுல எப்படி விழும். அதனாலதான் அம்மாளு, பாப்பா, பட்டு, ராசாத்தி, குஞ்சுன்னு நிஜப் பேருக்கு சம்பந்தமே இல்லாத பேரெல்லாம் வந்துச்சு. எங்க அம்மாவோட அத்தை ஒருத்தங்க இப்படித்தான், பேரு ஆவுடையம்மாள், ஊருக்கெல்லாம் பட்டு. ஆஸ்பத்திரில டோக்கன் போட்டு உக்காந்திருக்கோம், நர்ஸ் "ஆவுடையம்மாள், ஆவுடையம்மாள்"னு ரெண்டு மூணு தடவை கூப்பிடுது, அத்தை என்கிட்ட திரும்பி "யாருட்டி அது, கூப்பிடுறது காதுல விழலையா அவளுக்கு"ங்கிறாங்க. எழுபது வயசுக்கு மேல ஆச்சு, அந்தப் பேரைச் சொல்லி யாருமே கூப்பிட்டதில்ல பாவம், ரேஷன் கார்டுல மட்டும்தான் இருந்துச்சு.

செல்லப் பேரு நிஜப் பேரையே முழுங்கிடறதும் உண்டு. பாட்டுக்கார பட்டம்மாள் இருக்காங்களே, டி.கே. பட்டம்மாள், 1919ல காஞ்சிபுரத்துல பொறந்தவங்க, அவங்களுக்கு வச்ச பேரு அலமேலு. பட்டான்னு செல்லமா கூப்பிட்டு அதுவே பட்டம்மாள் ஆகி கச்சேரி மேடை வரைக்கும் போயிடுச்சு. எம்.எஸ். சுப்புலட்சுமியை வீட்ல குஞ்சம்மான்னு கூப்பிட்டாங்க, ஆனா அது வீட்டோடயே நின்னுடுச்சு, வெளியில எம்.எஸ். தான். அந்த எஸ்., அவங்க அம்மா சண்முகவடிவு, என்ன அழகான பேரு பாருங்க, வடிவுன்னு சுருக்குனாலும் அழகு குறையாது. ஜெயலலிதா வீட்டுக்கு அம்மு.

எல்லாச் சுருக்கமும் நல்லா இருக்கும்னு சொல்ல வரல. தையல்நாயகியை தையல்னு வெட்டுனா டெய்லர் கடை போர்டு மாதிரி ஆயிடும், நாயகின்னு பின்பாதியை எடுத்துக்கிறதுதான் மரியாதை. சாவித்திரியை முன்பாதியில வெட்டவே கூடாது, ஏன்னு நீங்களே சொல்லிப் பாத்துக்கங்க. சரஸ்வதியை சரசுன்னு சொன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதையே சரஸ்னு ஸ்டைலா நிறுத்துறது பிடிக்காது. ருக்மணிக்கு ருக்கு, ஜானகிக்கு ஜானு, ராஜேஸ்வரிக்கு ராஜி, இதெல்லாம் காலாகாலமா ஓடிக்கிட்டிருக்கு, குறை சொல்ல ஒண்ணுமில்ல. இசக்கி, பேச்சி, மாரி இந்தப் பேரையெல்லாம் கிராமத்துப் பேருன்னு ஒதுக்குறவங்க மேல எனக்குக் கோவம் உண்டு, ரெண்டு மூணு நாலு எழுத்துல நறுக்குன்னு அதுபாட்டுக்கு நிக்குதே, ஷிகான்னு முடியணும்னு தவம் கிடக்குற பேரை விட எவ்வளவோ மேல்.

பழசுங்கிறதுக்காக எல்லாப் பேரையும் தூக்கி வச்சுக் கொண்டாடவும் முடியாது. பையன் பொறக்கலையேன்னு கடைசிப் பொண்ணுக்கு போதும்பொண்ணுன்னு வச்சாங்களே, அதை வச்சவங்களை என்ன சொல்றது. என்கூட ஸ்கூல்ல ஒருத்தி படிச்சா அந்தப் பேர்ல. வாத்தியார் அட்டெண்டன்ஸ்ல முழுசா வாசிப்பாரு, நாங்க யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல, எங்களுக்கு அவ வெறும் "பொண்ணு". யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணல, போதும் எப்படியோ உதிர்ந்துடுச்சு. அவளும் பின்னாடி கெசட்ல குடுத்து பேரை மாத்திக்கிட்டா, ஆனா போன்ல பேசினா இன்னமும் "பொண்ணு பேசுறேன்"னு தான் ஆரம்பிப்பா. சுருக்கிக் கூப்பிடுறதை நான் இவ்வளவு சப்போர்ட் பண்றதுக்கு அவளும் ஒரு காரணம்.

எனக்குப் பிடிச்சது எதுன்னு கேட்டா குழல்வாய்மொழி, யோசிக்காம சொல்லுவேன். சுருக்குனா குழலி, அது இன்னைக்குப் பொறந்த பிள்ளைக்கு வச்ச மாதிரியே இருக்கும். அதுக்கு அடுத்தது மங்கையர்க்கரசி. பாண்டிய ராணி, அறுபத்து மூணு நாயன்மார்ல இருக்கிற மூணே பெண்கள்ல ஒருத்தங்க. மங்கைன்னாலும் சரி அரசின்னாலும் சரி, ரெண்டு பக்கமும் பேரு நிக்கும்.

பேரை சர்டிபிகேட்ல பதியும்போது மட்டும் முழுப்பேரைக் குடுங்க, செல்லப் பேரைக் குடுத்துடாதீங்க. நீளப் பேரை எப்ப வேணா சுருக்கிக்கலாம், சுருக்கத்துல இருந்து முழுசுக்குப் போகணும்னா ஆபீஸ் ஆபீஸா அலையணும். வீட்ல சண்டை ஓயலைன்னா பொறப்பை மட்டும் பேரு இல்லாமப் பதிஞ்சிடுங்க, 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாமலே பேரைச் சேத்துக்கலாம், அதுக்கு மேல போனா தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் டைம் உண்டு. ஆனா அவ்வளவு நாள் விட்டீங்கன்னா பிள்ளையே தனக்கு ஒரு பேரு வச்சுக்கும்.